இமெயிலில் மார்ஜின் ஏன் நிற்பதில்லை? வரிகளை ஒழுங்காக அமைப்பது எப்படி?

கம்ப்யூட்டர் வாங்கியவுடன் நம்மில் பலர் முதலில் கற்றுக் கொள்வது இரண்டு. ஒன்று, வேர்டில் கடிதம் டைப் செய்வது. மற்றொன்று, இமெயில் அனுப்புவது. வேர்டில் பழகிய கையோடு இமெயிலுக்கு வரும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. "இடது பக்கம் இவ்வளவு இடம், வலது பக்கம் இவ்வளவு இடம் என்று அழகாக அமைத்து அனுப்பினேன். அவர் திறந்து பார்த்தால் எல்லாம் கலைந்து கிடக்கிறதாம்" என்று சொல்லாதவர்கள் குறைவு. இது அழகு சம்பந்தப்பட்ட விஷயம் மட்டும்தானே என்று நினைக்க வேண்டாம். எங்கள் குடியிருப்பில் நடந்ததைக் கேளுங்கள்.

அடையாறில் நான் வசிக்கும் பிளாட்டில் 2019 கோடையில் லாரித் தண்ணீர் வாங்கித்தான் காலம் தள்ளினோம். அந்த ஆண்டு சென்னை முழுவதும் தண்ணீருக்கு அலைந்தது நினைவிருக்கும். எங்கள் சங்கத்தின் பொருளாளர் ஓய்வு பெற்றவர். புதிதாக கம்ப்யூட்டர் வாங்கியிருந்தார். வீட்டு எண், தண்ணீர்ப் பங்கு, பழைய பாக்கி என மூன்று பத்திகளாக, ஸ்பேஸ் பாரைத் தட்டித் தட்டி வரிசைப்படுத்தி எல்லோருக்கும் இமெயில் அனுப்பினார். அவர் திரையில் பட்டியல் நூல் பிடித்தாற்போல் இருந்தது. ஆனால் மொபைல் போனில் பார்த்தவர்களுக்கு வரி பாதியில் மடிந்தது. ஏ3 வீட்டின் பாக்கியான 4,200 ரூபாய் அடுத்த வரிக்கு இறங்கி, ஏ4 என்ற எண்ணின் தலைக்கு மேல் போய் நின்றது. ஏ4 வீட்டு மாமி ஒரு ரூபாய்கூட பாக்கி வைத்ததில்லை.

"மாமி, உங்க கணக்கு எப்பவோ தீர்ந்துபோச்சு" என்றார் பொருளாளர்.

"அப்ப ஏன் சார் என் வீட்டு நம்பர் கிட்ட 4,200ன்னு போட்டு ஊருக்கெல்லாம் அனுப்பினீங்க?" என்றார் மாமி.

இரண்டு பேர் சொன்னதும் சரிதான். தவறு ஸ்பேஸ் பாரில் இருந்தது. இது புரிய இரண்டு வாரம் ஆயிற்று. அதுவரை இருவருக்கும் பேச்சு வார்த்தை இல்லை. இப்படி நேராமல் இருக்க என்ன செய்யலாம் என்று இங்கு பார்க்கலாம்.

இமெயிலுக்குத் தாள் கிடையாது

வேர்டில் நீங்கள் எழுதுவது ஒரு தாளில். ஏ4 என்றால் 21 செ.மீ. அகலம், 29.7 செ.மீ. உயரம் என்று அளவு நிச்சயம். எனவே "இடது ஓரத்தில் 2.54 செ.மீ. விடு" என்று சொல்ல முடிகிறது. இமெயிலுக்கு அப்படித் தாள் எதுவும் இல்லை. உங்கள் கடிதத்தின் அகலத்தை முடிவு செய்வது, அதைப் பெறுபவரின் விண்டோதான். அவர் பெரிய மானிட்டரில் திறந்தால் வரி நீளமாக ஓடும். போனில் திறந்தால் நான்கைந்து சொற்களில் மடியும். நீங்கள் பார்க்கும் வரி முடிவு உங்களுடையது, அவருடையது அல்ல.

எனவே முதல் விதி: ஒரு பத்திக்குள் வரி முடிவில் என்டர் கீயைத் தட்டாதீர்கள். வரி தானாக மடியட்டும். பத்தி முடிந்த பிறகு மட்டும் இரண்டு முறை என்டர் தட்டி, ஒரு வெற்று வரி விடுங்கள்.

இரண்டு வகை இமெயில்கள்

நாம் அனுப்பும் மெயில்கள் இரண்டு வகைப்படும். ஒன்று பிளெயின் டெக்ஸ்ட். இதில் எழுத்துக்கள் மட்டுமே போகும். தடித்த எழுத்து, நிறம், எழுத்தின் அளவு, மார்ஜின் எதுவும் போகாது. மற்றொன்று எச்.டி.எம்.எல். வகை. இணையப் பக்கங்கள் எழுதப்படும் அதே முறை. இதில் வடிவமைப்புக் குறிப்புகளும் எழுத்துக்களோடு சேர்ந்து செல்லும்.

பிளெயின் டெக்ஸ்ட் மெயிலுக்குப் பழைய மரபு ஒன்று உண்டு. அக்காலத் திரைகளில் ஒரு வரிக்கு 80 எழுத்துக்கள்தான். அதனால் 2001ல் வெளியான இமெயில் தர வரையறை, ஒரு வரி 78 எழுத்துக்களைத் தாண்டாமல் இருப்பது நல்லது என்றும், 998ஐத் தாண்டவே கூடாது என்றும் கூறியது. 2008ல் வந்த புதிய பதிப்பிலும் இதே எண்கள்தான். மைக்ரோசாப்ட் அவுட்லுக்கின் கிளாசிக் பதிப்பில் பைல், ஆப்ஷன்ஸ், மெயில் எனச் சென்றால், மெசேஜ் பார்மட் என்ற பிரிவில் வரியை எத்தனையாவது எழுத்தில் மடிக்க வேண்டும் என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் வழக்கமாக 76 என்றிருக்கும். பிளெயின் டெக்ஸ்ட் மெயிலில் மார்ஜின் என்று சொல்லக்கூடியது இதுதான்.

சிலருடைய பதில்களில் ஒரு நீள வரி, ஒரு குட்டி வரி, மறுபடி நீள வரி என்று படிக்கட்டு போல் வருவதைப் பார்த்திருப்பீர்கள். பழைய மெயிலை மேற்கோளாகக் காட்ட ஒவ்வொரு வரியின் முன்பும் ஒரு அம்புக்குறி சேர்க்கப்படுகிறது. இதனால் வரி நீண்டு, கடைசிச் சொல் மட்டும் அடுத்த வரிக்கு விழுகிறது. பதில்மேல் பதில் போகப் போகப் படிக்கட்டு வளரும். பதிலுக்குத் தேவையான இரண்டு வரியை மட்டும் வைத்துக் கொண்டு மீதியை அழித்து விடுவதே இதற்கு எளிய மருந்து.

தமிழுக்கு மட்டும் உள்ள தொல்லை

ஆங்கிலத்தில் எழுத்தை எண்ணுவது சுலபம். தமிழில் அப்படியல்ல. மயிலாப்பூர் என்ற சொல்லை எடுத்துக் கொள்வோம். நம் கண்ணுக்கு ஆறு எழுத்து. யூனிகோட் முறையில் அது 11 குறியீடுகள். மெய்க்கு ஒன்று, கொம்புக்கு ஒன்று, புள்ளிக்கு ஒன்று என்று தனித்தனியாக எண்ணப்படும். இமெயிலில் செல்லும் யு.டி.எப்.-8 வடிவில் ஒவ்வொரு குறியீட்டிற்கும் 3 பைட் வீதம் 33 பைட். எனவே குறியீடுகளை எண்ணி வரியை மடிக்கும் புரோகிராமில் தமிழ் வரி சீக்கிரமே மடிந்துவிடும்.

ஸ்பேஸ் பாரால் பத்தி அமைப்பது தோற்பதற்கும் காரணம் இதைப் போன்றதே. ர என்ற எழுத்தும் ஔ என்ற எழுத்தும் ஒரே அகலம் அல்ல. அதோடு பெறுபவரின் கருவியில் வேறு தமிழ் பாண்ட் இருக்கும். விண்டோஸ் 2000ல் லதா வந்தது, விண்டோஸ் 8ல் நிர்மலா வந்தது, போன்களில் வேறு. பாண்ட் மாறினால் அகலம் மாறும். அகலம் மாறினால் பத்தி சாயும்.

பழைய நாட்களில் நிலைமை இன்னும் மோசம். 1995 ஆகஸ்ட் 15ல் வி.எஸ்.என்.எல். நிறுவனம் நம் நாட்டில் பொதுமக்களுக்கு இணைய இணைப்பு தரத் தொடங்கியபோது சென்னையும் முதல் நகரங்களில் ஒன்றாக இருந்தது. அப்போது தமிழ் மெயில் என்றால் குறிப்பிட்ட பாண்டையும் சேர்த்துத்தான் அனுப்ப வேண்டும். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டிற்குப் பிறகு டாம், டாப் என்ற தரங்களும், தமிழ் 99 கீபோர்டும் வந்தன. டிஸ்கி என்ற மற்றொரு முறையும் புழக்கத்தில் இருந்தது. இவற்றில் தமிழ் என்பதே பாண்டில்தான் இருந்தது. பாண்ட் குறிப்பு வழியில் உதிர்ந்தால் கடிதம் முழுவதும் புரியாத குறிகளாகிவிடும். 2010ல் தமிழக அரசு யூனிகோடை ஏற்றது. யூனிகோடில் எழுதினால் வடிவமைப்பு முழுவதும் உதிர்ந்தாலும் தமிழ் தமிழாகவே நிற்கும். இன்னும் பழைய பாண்ட்களில் டைப் செய்பவர்கள் இமெயிலுக்கு மட்டுமாவது யூனிகோடுக்கு மாறிக் கொள்வது நல்லது.

ஜிமெயிலில் அமைப்பது எப்படி?

கம்போஸ் பட்டனை அழுத்திப் புதிய மெயிலைத் திறக்கவும். கீழே, அடிக்கோடிட்ட ஏ எழுத்துப் படத்தில் கிளிக் செய்தால் வடிவமைப்புக் கருவிகள் வரிசையாகத் தோன்றும்.

இடது ஓரத்தில் இடம் விட, பத்தியில் கர்சரை வைத்து இன்டென்ட் மோர் என்ற பட்டனை அழுத்தவும். கண்ட்ரோல் கீயுடன் ] கீயையும் அழுத்தலாம். மீண்டும் வெளியே கொண்டு வர கண்ட்ரோல் கீயுடன் [ கீ. ஒருமுறை அழுத்தினால் பத்தி வலதுபுறம் 40 பிக்சல் நகரும். போன் திரையின் அகலம் இக்கணக்கில் ஏறத்தாழ 360 பிக்சல்தான். மூன்று முறை அழுத்தினால் 120 பிக்சல், அதாவது மூன்றில் ஒரு பங்கு இடம் காலியாகிவிடும். எனவே ஒருமுறைக்கு மேல் வேண்டாம்.

பத்தியின் தொடக்கத்தில் இடம் விட டேப் கீயைத் தட்டுவது வேர்டில் சரி. ஜிமெயிலில் டேப் தட்டினால் கர்சர் சென்ட் பட்டனுக்குத் தாவும். அடுத்து என்டர் தட்டினால் அரைகுறை மெயில் பறந்துவிடும்! இதற்கு முன்னெச்சரிக்கையாக, செட்டிங்ஸில் ஜெனரல் பிரிவில் அன்டூ சென்ட் என்ற இடத்தில் 30 செகண்ட் என அமைத்துக் கொள்ளுங்கள். அனுப்பிய மெயிலை அதற்குள் திரும்பப் பிடிக்கலாம்.

எல்லா மெயிலுக்கும் ஒரே எழுத்து அளவு வேண்டுமெனில், அதே ஜெனரல் பிரிவில் டீபால்ட் டெக்ஸ்ட் ஸ்டைல் என்ற இடத்தில் அமைத்து, பக்கத்தின் அடியில் சேவ் சேஞ்சஸ் அழுத்தவும்.

வேர்டிலிருந்து காப்பி செய்து ஒட்டும்போது அதன் பாண்ட், இடைவெளி எல்லாம் ஒட்டிக் கொண்டு வரும். இதைத் தவிர்க்க கண்ட்ரோல், ஷிப்ட், வி மூன்றையும் சேர்த்து அழுத்தி ஒட்டவும். ஏற்கனவே ஒட்டிவிட்டால், அந்தப் பகுதியைத் தேர்ந்தெடுத்து ரிமூவ் பார்மட்டிங் பட்டனை அழுத்தவும்.

வடிவமைப்பே வேண்டாம் என்றால், மெயில் கட்டத்தின் கீழே உள்ள மூன்று புள்ளிகளில் கிளிக் செய்து பிளெயின் டெக்ஸ்ட் மோட் தேர்ந்தெடுக்கலாம்.

அவுட்லுக், தண்டர்பேர்ட் வைத்திருப்பவர்களுக்கு

விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் அவுட்லுக் எக்ஸ்பிரஸ் இருந்தது. அதில் ஸ்டேஷனரி என்ற வசதி மூலம் இடது, மேல் மார்ஜின்களை அமைக்கலாம். 2007ல் விஸ்டா வந்தபோது அந்த புரோகிராம் விடைபெற்றது. கிளாசிக் அவுட்லுக்கில் பார்மட் டெக்ஸ்ட் என்ற டேபில் எச்.டி.எம்.எல்., பிளெயின் டெக்ஸ்ட், ரிச் டெக்ஸ்ட் என மூன்று இருக்கும். ரிச் டெக்ஸ்ட் மட்டும் வேண்டாம். அவுட்லுக் இல்லாதவருக்கு அது வின்மெயில்.டாட் என்ற திறக்க முடியாத பைலாகப் போய்ச் சேரலாம். தண்டர்பேர்டில் இன்சர்ட் மெனு வழியாக டேபிள் அமைக்கலாம்.

கணக்குப் பட்டியலை எப்படி அனுப்புவது?

மூன்று வழிகள் உள்ளன. ஒன்று, கூகுள் ஷீட்ஸில் பட்டியலைத் தயாரித்து, கட்டங்களைத் தேர்ந்தெடுத்து, காப்பி செய்து ஜிமெயிலில் ஒட்டுங்கள். அது அட்டவணையாகவே செல்லும்; எண்கள் கட்டம் விட்டுக் கட்டம் தாவாது. இரண்டு, பத்திகளே இல்லாமல் ஒவ்வொரு வீட்டையும் ஒரு முழு வாக்கியமாக எழுதுங்கள். "ஏ4: தண்ணீர்ப் பங்கு 1,400 ரூபாய். பழைய பாக்கி இல்லை." இது எங்கே மடிந்தாலும் பொருள் மாறாது. பாக்கி இல்லையென்றால் இடத்தைக் காலியாக விடாமல் இல்லை என்றே எழுதுவது முக்கியம். மூன்று, மார்ஜின் கொஞ்சமும் மாறக் கூடாது என்றால், வேர்டில் அமைத்து பி.டி.எப். பைலாக சேவ் செய்து இணைத்து அனுப்புங்கள். வேலைக்கான விண்ணப்பம், கல்யாணப் பத்திரிகை, ரசீது போன்றவற்றிற்கு இதுவே பாதுகாப்பு. தாள் உள்ள ஒரே இமெயில் அதுதான்.

எங்கள் பொருளாளர் இப்போது இரண்டாவது வழியைத்தான் பின்பற்றுகிறார். அதோடு ஒரு பழக்கமும் வைத்துக் கொண்டிருக்கிறார். பட்டியலை முதலில் தனக்கே அனுப்பி, கம்ப்யூட்டரில் ஒருமுறை, போனில் ஒருமுறை திறந்து பார்க்கிறார். பிறகு ஏ4 மாமிக்குக் காட்டுகிறார். அவர் சரி என்ற பிறகுதான் மற்றவர்களுக்குப் போகிறது. நீங்களும் முக்கியமான மெயில் எதையும் முதலில் உங்களுக்கே அனுப்பிப் பாருங்கள்.