நம் வயலுக்கு நெல் மட்டும் போதாது



ராஜகிரி, பண்டாரவாடை, வழுத்தூர் பக்கம் நம் குடும்பங்கள் பலவற்றுக்குக் கொஞ்சமேனும் நிலம் உண்டு. வீட்டு ஆண்கள் வெளிநாட்டில் இருப்பதால் பல வயல்கள் குத்தகையில் இருக்கின்றன. "மூட்டை குறையுது, உரச் செலவு கூடுது" என்று குத்தகைக்காரர் சொன்னால் கேட்டுக்கொள்கிறோம். ஏன் என்று கேட்பதில்லை. ஒரு முக்கியக் காரணம், நெல்லைத் தவிர வேறு செடியே அந்த வயலில் வளராமல் போனதுதான்.

சருகையும் வேரையும் மக்கவைத்து, அதிலுள்ள சத்தைத் திரும்பப் பயிருக்குத் தருபவை மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள். ஒவ்வொரு வகைச் செடியும் தன் வேர் வழியே வெவ்வேறு சர்க்கரைகளையும் அமிலங்களையும் கசியவிடுகிறது. அதற்கேற்ற நுண்ணுயிர்கள் அங்கே கூடுகின்றன. குறுவை, தாளடி என்று நெல்லே நின்றால், தேங்கிய நீரில் காற்றின்றி வாழ்பவையே ஓங்கும். மணிச்சத்தை எடுத்துத் தரும் வேர்ப்பூஞ்சைகள் ஒடுங்கிவிடும்.

நம் முன்னோர் இதற்கு வழி வைத்திருந்தார்கள். சம்பா, தாளடி அறுவடைக்கு ஏழு முதல் பத்து நாள் முன்பு, மண் மெழுகுப் பதத்தில் இருக்கும்போது உளுந்தோ பச்சைப்பயறோ தெளிப்பார்கள். அறுவடை மெஷின் வந்தபின், சக்கரத்தில் முளை நசுங்குகிறது என்று பலர் விட்டுவிட்டார்கள். மெஷின் அறுத்த உடனே, ஈரம் காயுமுன் விதைத்தாலும் பலன் உண்டு.

பயறுச் செடி ஒன்றை வேரோடு பிடுங்கிப் பாருங்கள். சிறு முடிச்சுகள் இருக்கும். நகத்தால் கீறினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். அப்படியென்றால் ரைசோபியம் என்ற பாக்டீரியா காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. முடிச்சே இல்லையென்றால், அடுத்த முறை விதையோடு ரைசோபியம் கலந்து விதைக்கலாம்.

வைக்கோல் மட்டும் மண்ணில் கிடந்தால், அதை மக்கவைக்கும் நுண்ணுயிர்கள் மண்ணின் தழைச்சத்தையே சில காலம் இழுத்துக்கொள்ளும். பயறின் இலையும் வேரும் சேர்ந்தால் அந்தக் குறை தணியும்.

பயறு போட முடியாதவர்கள் சம்பாவுக்கு முன் தக்கைப்பூண்டு விதைக்கலாம். ஏக்கருக்கு 20 கிலோ விதை. 45 நாளில் பூக்கும் தருணத்தில் மடக்கி உழ வேண்டும். தஞ்சை மாவட்டம் இளங்காட்டில் பிறந்த நம்மாழ்வார், தானியம், பயறு, எண்ணெய் வித்து எனப் பலவற்றையும் கலந்து விதைத்து மடக்கி உழும் பல தானிய விதைப்பை ஊர் ஊராகச் சொல்லிவந்தார்.

இங்கேதான் நம் பொறுப்பு வருகிறது. ஒரு வருடக் குத்தகைக்கு எடுத்தவர், அடுத்த வருடம் யாருக்கோ பலன் தரப்போகும் மண்ணுக்கு ஏன் செலவழிப்பார்? தக்கைப்பூண்டு விதைச் செலவை நிலக்காரர் ஏற்கலாம். குத்தகையை மூன்று வருடத்துக்குப் பேசலாம். பசுந்தாள் உர விதை மானியத்தில் கிடைக்கிறதா என்று வட்டார வேளாண் விரிவாக்க மையத்தில் விசாரிக்கலாம்.

நிலம் நம் கையில் உள்ள அமானிதம். இந்த வாரம் வெளிநாட்டிலிருந்து போன் வரும்போது, குத்தகைப் பணத்தோடு மண்ணைப் பற்றியும் பேசுங்கள். அடுத்த தை அறுவடையில், இன்ஷா அல்லாஹ், நம் வயல்களில் மீண்டும் உளுந்து முளைக்கட்டும்.