எல்லார்க்கும் புலனாகும் எழுத்து

நுழையும்முன்

கல்லிலும் ஓலையிலும் தாளிலும் வாழ்ந்த தமிழ் எழுத்து, இன்று திரையில் ஒளிர்கிறது. எழுதுபொருள் மாறினாலும், படிப்பவர் கண்ணுக்கு எழுத்து தெளிவாகப் புலப்பட வேண்டும் என்னும் தேவை மாறவில்லை. இணையப் பக்கத்தின் நிறமும் எழுத்துருவும் அத்தேவையை எவ்வாறு நிறைவேற்றுகின்றன என்பதைக் காண்போம்.

பயனாளர் பலர்

2021ஆம் ஆண்டு தாம்பரம், பல்லாவரம், பம்மல் முதலிய நகராட்சிகளும் அருகிலிருந்த பேரூராட்சிகளும் இணைந்து தாம்பரம் மாநகராட்சி உருவாயிற்று. இத்தகைய நகரங்களில் வரி செலுத்தவும் சான்றிதழ் பெறவும் மக்கள் இணையத்தை நாடுகின்றனர். கடற்கரை – தாம்பரம் மின்தொடர்வண்டியின் சன்னலோர வெயிலில் கைப்பேசியைப் பார்க்கும் இளைஞர், கண்புரை தோன்றிய முதியவர், நிறக்குறைபாடுடைய மாணவர் ஆகிய அனைவரும் பயனாளர்களே. விண்ணப்பத்தின் இறுதிநாள் வெளிர்சாம்பல் நிறத்தில் இருப்பின், அவர்களுள் சிலர் அதனை அறியாமலே வாய்ப்பை இழக்கக்கூடும். எனவே, இது அழகு பற்றியது மட்டுமன்று. உரிமை பற்றியதும் ஆகும். மின்னணு ஊடகச் செய்திகள் மாற்றுத்திறனாளிகள் அணுகத்தக்க வடிவில் அமைதல் வேண்டும் என்பதை 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வலியுறுத்துகிறது.

நிறத்தின் கணக்கு

2008இல் வெளியான வலை உள்ளடக்க அணுகல் வழிகாட்டுதல்களின் இரண்டாம் பதிப்பு, எழுத்துக்கும் பின்புலத்துக்கும் உள்ள ஒளிர்வு வேறுபாட்டை விகிதமாக அளக்கிறது. வெள்ளையின் ஒளிர்வு 1. கறுப்பின் ஒளிர்வு 0. இரண்டுடனும் 0.05 கூட்டி, பெரியதைச் சிறியதால் வகுத்தால் 21 கிடைக்கும். இதுவே மிகுதியான விகிதம். இயல்பான அளவுடைய எழுத்துக்குக் குறைந்தது 4.5 விகிதமும் பெரிய எழுத்துக்கு 3 விகிதமும் தேவை. வெள்ளைப் பின்புலத்தில் தூய நீலம் 8.6 பெற்றுத் தேறுகிறது, தூய சிவப்பு ஏறத்தாழ 4 பெற்றுச் சிறிய எழுத்துக்குத் தகுதி இழக்கிறது, மஞ்சளோ 1.1 அளவிலேயே நின்றுவிடுகிறது. கண்ணைக் கவரும் நிறம் யாவும் படிக்க ஏற்ற நிறம் ஆகாது என்பது இதனால் விளங்கும்.

நிறத்தை மட்டும் நம்பிப் பொருள் உணர்த்துதலும் தவறு. சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய இயலாதவர் உளர். ஆதலால், பிழையான கட்டத்தைச் சிவப்பாக்குவதோடு 'பிழை' என்னும் சொல்லையும் எழுதுதல் வேண்டும்.

தமிழ் எழுத்துருவின் தேவை

ஓலையில் புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்பதால் புள்ளியின்றி எழுதினர். எகர ஏகார வேறுபாடும் மயக்கம் தந்தது. வீரமாமுனிவர் ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு என வேறுபடுத்தி அம்மயக்கத்தை நீக்கினார். திரையில் மிகச் சிறிய எழுத்துருவைத் தேர்ந்தால் அதே மயக்கம் மீண்டும் தோன்றும். 'கல்' என்பது 'கல' ஆகும். 'மணம்' 'மனம்' ஆகும்.

தமிழில் புள்ளியும் விசிறியும் எழுத்தின் மேலும், உகரக் குறிகள் கீழும் நீள்கின்றன. வரிகள் நெருங்கினால் இவை ஒன்றோடொன்று மோதும். எனவே, எழுத்தின் அளவைப்போல் ஒன்றரை மடங்கு வரி உயரம் அமைதல் நன்று. அழகுக்காகச் சுழித்த எழுத்துருக்களைத் தலைப்போடு நிறுத்தி, உள்ளடக்கத்திற்கு எளிய எழுத்துருவையே தேர்தல் வேண்டும். எழுத்தை இருமடங்கு பெரிதாக்கினும் பக்கம் சிதையாதிருத்தல் வேண்டும்.

உங்கள் பள்ளிக்கு இணையப் பக்கம் வடிவமைக்க நேர்ந்தால், அதனை வெயிலில் வைத்துப் பாருங்கள். நிறம் நீக்கிப் பாருங்கள். வீட்டு முதியவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். அவர் தடையின்றிப் படிப்பாராயின் உங்கள் வடிவமைப்பு வெற்றி பெற்றதாகும்.