வீட்டைத் துறவாத துறவு

திருக்குறளின் அறத்துப்பாலில் இல்லறவியலுக்கு 20 அதிகாரங்களும், துறவறவியலுக்கு 13 அதிகாரங்களும் வகுக்கப்பட்டிருக்கின்றன. இல்லறம் முன்னே நிற்கிறது. துறவறம் பின்னே வருகிறது. இருந்தும் நம் மனத்தில், துறவியே பக்தியின் முழு உருவம், குடும்பஸ்தன் பக்தியில் அரை ஆள் என்னும் எண்ணம் வேரூன்றிக் கிடக்கிறது. பிள்ளைகளைக் கரையேற்றிவிட்டு, ஓய்வு பெற்ற பிறகு தெய்வ காரியத்தைக் கவனித்துக் கொள்ளலாம் என்று தள்ளிப் போடுவது நம்மில் பலருக்கு வழக்கமாயிருக்கிறது.

தமிழ்க் கத்தோலிக்கக் குடும்பங்களிலும் இந்த எண்ணம் உண்டு. ஒரு வீட்டில் ஒரு பிள்ளை குருவானால், அல்லது ஒரு பெண் கன்னியர் மடத்தில் சேர்ந்தால், "அந்த வீட்டுக்குத் தேவ அழைத்தல் கிடைத்தது" என்று ஊரே பேசிக் கொள்கிறது. அப்படியானால் மற்றப் பிள்ளைகளுக்கு அழைப்பே இல்லையா? மூத்தவனாய்ப் பிறந்து, தம்பி தங்கைகளின் படிப்புக்காகவும் கலியாணத்துக்காகவும் பிழைப்புத் தேடி மும்பைக்கு வந்து, மாதந்தோறும் ஊருக்குப் பணம் அனுப்பிக் கொண்டிருப்பவனைக் கடவுள் கூப்பிடவில்லை என்று சொல்லிவிட முடியுமா? மடத்துக்குப் போக மனமிருந்தும் நோயாளித் தாயை விட்டகல முடியாமல் வீட்டோடு தங்கிவிட்ட பெண்ணின் கதி என்ன? இக்கேள்விகள் நம்மிடையே வாய்விட்டுப் பேசப்படுவதில்லை. ஆயினும் பல வீடுகளில் மௌனமாய் இருந்து மனத்தை அரிக்கின்றன. இவற்றுக்குக் கத்தோலிக்கத் திருச்சபை ஏறக்குறைய 800 ஆண்டுகளாய் ஒரு விடை சொல்லி வருகிறது. அதைப் பிற சமயத்து அன்பர்களும் அறிந்து கொள்வது நன்று.

மூன்றாம் சபை

மடத்துத் துறவிகள் கன்னிமை, ஏழ்மை, கீழ்ப்படிதல் என்னும் மூன்று வார்த்தைப்பாடுகள் கொடுக்கிறார்கள். மனைவி மக்களோடு வாழ்பவர் இவற்றை அப்படியே ஏற்க இயலாது. இத்தாலி தேசத்து அசிசி நகரில் துணி வியாபாரியின் மகனாய்ப் பிறந்து, அனைத்தையும் துறந்து, 1226-ல் மரித்த புனித பிரான்சிசின் காலத்தில் இந்தச் சிக்கல் பெரிதாய் எழுந்தது. அவரைப் பின்பற்றிய சகோதரர்கள் முதல் சபையாயினர். புனித கிளாராவும் அவருடன் சேர்ந்த கன்னியரும் இரண்டாம் சபையாயினர். ஆனால் அவருடைய போதனையைக் கேட்டு மனம் திரும்பிய கொல்லர், தச்சர், வியாபாரிகள், குடும்பப் பெண்கள் ஆகியோர் அனைவரும் வீட்டைப் பூட்டிவிட்டு மடத்துக்குப் போக முடியுமா? அவர்கள் வீட்டிலும் தொழிலிலும் இருந்தபடியே தவ வாழ்வு நடத்த ஏற்பட்டதுதான் மூன்றாம் சபை. இவர்களைப் போன்றவர்களுக்காக 1221-ஆம் ஆண்டில் ஓர் ஒழுங்கு வகுக்கப்பட்டது.

அந்தப் பழைய ஒழுங்கை இன்று படித்தாலும் வியப்பு உண்டாகிறது. சாயம் தோய்க்காத எளிய துணியையே உடுத்த வேண்டும். அதன் விலைக்கும் ஒரு வரம்பு உண்டு. ஆடம்பர விருந்துக்கும் கூத்துக்கும் போகலாகாது. சபையில் சேருமுன் கடன்களைத் தீர்க்க வேண்டும். பிறர் பொருள் கைவசமிருந்தால் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். பகைத்துக் கொண்ட அயலாரோடு சமாதானமாக வேண்டும். சேர்ந்த மூன்று மாதங்களுக்குள் உயில் எழுதி வைக்க வேண்டும். தமக்குப் பின் பிள்ளைகள் சொத்துக்காக அடித்துக் கொள்ளலாகாது என்பதே இதன் கருத்தாயிருக்கலாம். மாதந்தோறும் கூடும்போது ஒவ்வொருவரும் ஒரு காசு கொடுக்க வேண்டும். அது ஏழைச் சகோதரருக்கும் நோயாளிகளுக்கும் போய்ச் சேரும். ஒருவர் நோயுற்றால் வாரம் ஒருமுறையாவது அவரைப் போய்ப் பார்க்க வேண்டும்.

இவற்றிலும் மேலாய் நாம் கவனிக்கத் தக்கது, இந்த ஒழுங்கு குடும்பஸ்தரின் சிரமத்தை அறிந்து வகுக்கப்பட்டிருப்பதே. உபவாசம் கண்டிப்பானதுதான், ஆனால் கடினமான வேலை செய்கிறவர்கள் உயிர்ப்புத் திருநாளிலிருந்து செப்டம்பர் இறுதியில் வரும் மிக்கேல் சம்மனசின் திருநாள் வரை, வேலை நாட்களில் மூன்று வேளையும் உண்ணலாம் என்று விலக்கு அளிக்கப்பட்டிருக்கிறது. கர்ப்பிணிகளுக்கு ஜெபமும் எளிய உடையும் போதும். மற்றத் தவ முயற்சிகளிலிருந்து விடுதலை உண்டு. மணமான பெண் கணவனின் சம்மதமின்றிச் சேரலாகாது என்பதும் ஒரு விதி. அக்காலத்து வழக்கப்படி அது ஒருபக்கமாய் எழுதப்பட்டது. கணவனுக்கும் மனைவியின் சம்மதம் வேண்டும் என்று நாம் இன்று சேர்த்துப் படிக்கலாம். ஒருவருடைய பக்தி, வீட்டிலுள்ள மற்றவர் தலையில் பாரமாய் இறங்கக் கூடாது என்பதே அதன் உட்கருத்து.

ஆயுதம் ஏந்தலாகாது என்பதும் அந்த ஒழுங்கில் ஒரு விதி. நகரத்துக்கு நகரம் சண்டையிட்டுக் கொண்டிருந்த அக்காலத்தில், கொல்லரும் வியாபாரியும் படையில் சேர மறுத்தது ஆட்சியாளருக்குப் பெருந்தலைவலியாயிற்று. வழக்கு மூண்டபோது பாப்பரசர் இந்த எளிய மக்களின் பக்கம் நின்றார். வீட்டிலிருந்து கொண்டே செய்யும் தவம் ஊரின் போக்கையும் மாற்ற வல்லது என்பதற்கு இது சான்று.

பிற்காலத்து வரலாற்றைச் சுருக்கமாய்ச் சொல்லிவிடலாம். 1289-ல் பாப்பரசர் நான்காம் நிக்கோலாஸ் இந்தச் சபையின் ஒழுங்கை உறுதி செய்தார். 1883-ல், நாம் சிங்கராயர் என்று வழங்கும் பதின்மூன்றாம் லியோ அதை எளிதாக்கினார். பெரிய மன்றாட்டுப் புத்தகம் வாசிக்க இயலாதவர்கள் நாள்தோறும் 12 பரலோக மந்திரமும், 12 அருள்நிறை மந்திரமும், 12 திரித்துவத் தோத்திரமும் சொன்னால் போதும் என்றார். 1978-ல் ஆறாம் சின்னப்பர் இக்காலத்துக்கேற்ற புதிய ஒழுங்கைத் தந்தார்; அதுவே இன்றும் நடைமுறையிலிருக்கிறது. சேர விரும்புகிறவர் சிலகாலம் பயிற்சி பெற்று, பிறகு ஆயுட்காலத்துக்கும் வாக்குறுதி கொடுக்கிறார். அதன் பின்பும் அவர் தம் வீட்டில்தான் இருக்கிறார். தம் சம்பளத்தில்தான் வாழ்கிறார். சாமிநாதர் சபைக்கும் கார்மேல் சபைக்கும் இத்தகைய மூன்றாம் சபைகள் உண்டு. சாமிநாதரின் மூன்றாம் சபையைச் சேர்ந்த சியன்னா நகரத்துப் புனித கத்தரீன், தன் வீட்டின் ஓர் அறையையே மடமாக்கிக் கொண்டவள்.

மடத்தின் கதவு அடைபட்ட பின்

மடத்தில் இடம் கிடைக்காமற் போனவர்களைப் பற்றியும் இங்கே சொல்ல வேண்டும். பிரான்ஸ் தேசத்தில் லூயி மார்த்தேன் என்னும் இளைஞர் ஆல்ப்ஸ் மலையிலுள்ள ஒரு மடத்தில் சேரப் போனார். லத்தீன் தெரியவில்லை என்று திருப்பி அனுப்பப்பட்டார். செலி என்னும் பெண் கன்னியர் மடம் நாடிப் போனாள். அவளுக்கும் இடமில்லை என்று சொல்லிவிட்டார்கள். இவ்விருவரும் 1858-ல் அலான்சோன் நகரில் மணந்து கொண்டனர். அவர் கடிகாரம் பழுது பார்ப்பவர். அவள் சரிகைப் பின்னல் தொழிலை நடத்தியவள். ஒன்பது பிள்ளைகள் பிறந்து, நால்வர் சிறுவயதிலேயே இறந்தனர். ஞாயிற்றுக்கிழமை வியாபாரம் நன்றாய் நடக்கும் என்று பலர் சொல்லியும் லூயி கடையைத் திறக்கவில்லை. செலியின் கடிதங்கள் இருநூறுக்கு மேல் கிடைத்திருக்கின்றன. அவற்றில் பெரும்பாலும் பிள்ளைகளின் காய்ச்சலும், தொழிலின் கவலையும், வீட்டுச் செய்தியுமே நிறைந்திருக்கின்றன. 1877-ல் தம் 45-ஆம் வயதில் அவள் புற்றுநோயால் இறந்தாள். மிஞ்சிய ஐந்து பெண்களும் கன்னியராயினர். அவர்களில் கடைசிப் பெண்ணே உலகறிந்த லிசியே நகரத்துக் குழந்தை தெரேசம்மாள். ஆனால் 2015-ஆம் ஆண்டு அக்டோபர் 18-ஆம் நாள் திருச்சபை இந்தத் தாய் தந்தையருக்குப் புனிதர் பட்டம் அளித்தது மகளின் பெருமைக்காக அன்று. அவர்கள் நடத்திய இல்லறத்துக்காகவே.

அயர்லாந்தின் டப்ளின் நகரில் மாத்யூ டால்பட் என்னும் கூலித் தொழிலாளி இருந்தார். சிறு வயதிலேயே குடிக்கு அடிமையாகி, கூலியையெல்லாம் சாராயக் கடையில் தொலைத்து வந்தார். 1884-ல், தம் 28-ஆம் வயதில், குடியை விட்டார். பழைய கடன்களைத் தேடித் தேடி அடைத்தார். 1890-ல் பிரான்சிஸ்கன் மூன்றாம் சபையில் சேர்ந்து, மரக்கிடங்கில் சுமை தூக்கிக் கொண்டே, விடியற்காலையில் பூசை கண்டு, ஏழைகளுக்குக் கொடுத்து வாழ்ந்தார். 1925-ல் பூசைக்குப் போகும் வழியில் தெருவில் விழுந்து இறந்தார். அவரை 1975-ல் திருச்சபை வணக்கத்துக்குரியவர் என்று அறிவித்தது.

நம் தமிழ் மண்ணிலும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. குமரி மாவட்டத்து நட்டாலத்தில் 1712-ல் பிறந்த நீலகண்டன், திருவிதாங்கூர் அரண்மனையில் உத்தியோகம் பார்த்தவர். குளச்சல் போரில் சிறைப்பட்ட டச்சுக்காரர் டிலனாய் வழியாகக் கிறிஸ்து சமயத்தை அறிந்து, 1745-ல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார். அவருடைய மனைவியும் ஞானஸ்நானம் பெற்று ஞானப்பூ என்னும் பெயர் பூண்டாள். 1752-ல் ஆரல்வாய்மொழிக்கு அருகே காற்றாடி மலையில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022-ஆம் ஆண்டு மே 15-ஆம் நாள் புனிதர் பட்டம் பெற்றார். அவர் குருவுமல்லர், மடத்தவருமல்லர். மனைவியோடு வாழ்ந்த ஓர் உத்தியோகஸ்தர். இந்தியப் பொதுநிலையினருள் புனிதர் பட்டம் பெற்ற முதல்வர் இவரே.

இப்படி ஆங்காங்கே சிலர் வாழ்ந்து காட்டியதை இரண்டாம் வத்திக்கான் சங்கம் அனைவருக்கும் உரியதென்று உரக்கச் சொல்லிற்று. 1964 நவம்பரில் வெளியான திருச்சபை பற்றிய ஏட்டின் ஐந்தாம் அதிகாரம், புனிதராகும் அழைப்பு எல்லோருக்கும் பொது என்று கூறுகிறது. அடுத்த ஆண்டு பொதுநிலையினரின் பணிக்கென்றே தனி ஏடு வெளியாயிற்று.

நம் வாழ்வில்

இனி நம் விஷயத்துக்கு வருவோம். புதன்கிழமைதோறும் மாகிம் கோவிலில் நொவேனாவுக்கு எவ்வளவு கூட்டம் சேருகிறது! 1948 முதல் நடந்து வரும் அந்த மன்றாட்டில் சாதி சமய வேறுபாடின்றி ஜனங்கள் மெழுகுவர்த்தி ஏந்தி நிற்கிறார்கள். அது நல்லதே. ஆனால் புதன்கிழமை ஏந்திய மெழுகுவர்த்தி வியாழக்கிழமை ஆபீசில் எங்கே போயிற்று என்பதே கேள்வி.

ரயில்வேயில் குமாஸ்தா வேலை பார்க்கும் நாம், நாள் முழுதும் மனிதர் முகத்தில்தான் விழிக்கிறோம். பாரம் நிரப்பத் தெரியாத கூலியாள், தந்தை இறந்த செய்தி கேட்டு ஊருக்கு ஓட டிக்கெட் கேட்டு நிற்கும் பையன், எந்தப் பாஷையில் பேசுவது என்று தெரியாமல் தடுமாறும் கிழவி, இவர்களுக்கு நாம் சொல்லும் பதிலில்தான் நம் ஜெபத்தின் பயன் தெரியும். பதிவேட்டில் ஒரு பொய்யெழுத்து எழுதாதிருப்பது அக்காலத்துச் சாயமிடாத துணிக்குச் சமம். ஒருவருடைய அவசரத்தைக் காசாக்கிக் கொள்ளாதிருப்பதே நமக்கு வாய்த்த ஏழ்மை. மேலதிகாரி நியாயமாய் இட்ட வேலையை முணுமுணுக்காமல் முடிப்பதே நமக்கு வாய்த்த கீழ்ப்படிதல்.

ஜெபத்துக்கு நேரமில்லை என்று நாம் சொல்வது வழக்கம். விரார், கல்யாண் போன்ற தொலைவிடங்களிலிருந்து லோக்கல் வண்டியில் வருகிறவர்களுக்கு ஒரு நாளில் இரண்டு மூன்று மணி நேரம் வண்டியிலேயே கழிகிறது. அதே பெட்டியில் மராத்தி அன்பர்கள் தாளம் தட்டிப் பஜனை பாடி வருகிறார்கள். சட்டைப் பையிலுள்ள ஜெபமாலைக்கு அங்கே இடமில்லாமற் போகாது.

இதற்கு எதிரான ஓர் ஆபத்தும் உண்டு. சங்கம், கூட்டம், யாத்திரை என்று ஓடி ஓடி, வீட்டை மனைவியின் தலையில் கட்டிவிடுகிற பக்தி நம்மிடையே இல்லையென்று சொல்ல முடியாது. ஜெனீவாவின் ஆயர் புனித பிரான்சிஸ் சலேசியார் இல்லறத்தாருக்கும் தொழிலாளிகளுக்கும் உரிய பக்தி வழியை 1609-ல் நூலாக எழுதியவர். நான்கு குழந்தைகளோடு விதவையான சாந்தால் சீமாட்டிக்கு அவர் ஞான வழிகாட்டியாயிருந்தார். முன்பு வேறொருவர் வழிகாட்டியபோது அம்மாள் குறித்த வேளைகளில் ஜெபம் செய்ய, வீட்டார் எல்லோரும் தொல்லைப்பட்டார்கள் என்றும், இந்த ஆயர் வந்தபின் அம்மாள் எந்நேரமும் ஜெபத்திலிருந்தும் யாருக்கும் தொல்லையில்லை என்றும் வேலைக்காரர்கள் பேசிக் கொண்டார்களாம். நம் பக்திக்கு இதைவிடச் சரியான உரைகல் வேறில்லை. நடு இரவில் குழந்தைக்குக் காய்ச்சல் கண்டால், எழுந்து நெற்றியில் ஈரத்துணி போடுவதே அந்த வேளைக்குரிய ஜெபம். அதை மனைவி செய்யட்டும் என்று விட்டுவிட்டுக் காலைப் பூசைக்குத் தூக்கம் வேண்டுமென்று படுத்துக் கொள்வது பக்தியாகாது.

ஆகவே, மடத்துக்குப் போக முடியவில்லையே என்று உள்ளூர வருந்துகிறவர்கள் வருத்தத்தை விட்டுவிடலாம். தகுந்த குருவிடம் கேட்டு மூன்றாம் சபையில் சேரக் கூடியவர்கள் சேரட்டும். சேர இயலாதவர்களும் 1221-ஆம் ஆண்டின் ஒழுங்கைத் தத்தம் வீட்டில் கைக்கொள்ள எவரும் தடை சொல்லப் போவதில்லை. இந்த மாதச் சம்பளம் வந்ததும் பழைய கைமாற்றுக் கடனைத் திருப்பிக் கொடுப்போம். ஊரில் பேச்சுவார்த்தை அற்றுப் போன அண்ணனுக்கோ தங்கைக்கோ நாமாகவே முதலில் பேசுவோம். நம் கட்டடத்தில் நோயாய்ப் படுத்திருக்கும் தமிழரை, அவர் எந்தச் சாதி, எந்தச் சமயமாயினும், வாரம் ஒருமுறை போய்ப் பார்ப்போம். தெய்வ காரியத்தை ஓய்வுக்காலத்துக்கென்று ஒத்தி வைக்க வேண்டியதில்லை. அதற்குரிய இடம் நாம் குடியிருக்கும் இரண்டு அறைக் குவார்ட்டர்ஸே.