23 சதவீதம்... அங்கே முதலிடம், இங்கே முட்டை!

சமயபுரம் கடைவீதியில் எனக்குப் பழக்கமான பூக்கடைப் பெரியவர் ஒருத்தர். பழைய தி.மு.க.காரர். ஆபீஸ் முடிந்து பஸ்ஸை விட்டு இறங்கினால், அவர் கடை ஸ்டூலில் பத்து நிமிஷம் உட்காராமல் நான் வீட்டுக்குப் போனதில்லை. 2014 மே 16 அன்று மட்டும் மனுஷர் வாயே திறக்கவில்லை. மாலை கட்டிக்கொண்டே இருந்தார். கடைசியில் ஒரே கேள்வி.

"ஏன் தம்பி, அத்தனை பேரு சூரியனுக்குப் போட்டிருக்கான். அந்த ஓட்டெல்லாம் எங்க போச்சு?"

நியாயமான கேள்வி சார். தமிழ்நாட்டில் தி.மு.க. அந்தத் தடவை வாங்கியது 23.6 சதவீதம். ஆளைக் கணக்குப் பண்ணினால் 95 லட்சத்துக்கு மேல். சீட்? முட்டை! அ.தி.மு.க.வுக்கு 44 சதவீதம்தான். ஆனால் 39-ல் 37. பாக்கியில் தர்மபுரி பா.ம.க.வுக்கு, கன்னியாகுமரி பா.ஜ.க.வுக்கு.

அன்றைக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. ஒன்பது வருஷம் கழித்து ஹாலந்திலிருந்து என் மச்சினன் போன் பண்ணினான். (சாப்ட்வேர். அங்கே பார்லிமென்டுக்கு அவனுக்கு ஓட்டு கிடையாது, வேடிக்கை மட்டும்.) "மாமா, இங்க எலெக்‌ஷன். பேப்பர் போர்வை மாதிரி இருக்கு. இருபத்தாறு கட்சி! சிவப்புப் பென்சிலால வட்டத்தை நிரப்பணும்!"

2023 நவம்பர் 22. கீர்ட் வில்டர்ஸ் கட்சி வாங்கியது 23.5 சதவீதம். நம்ம தி.மு.க. வாங்கிய அதே அளவு. ஆனால் அங்கே அது 150-ல் 37 சீட், முதலிடம்! காரணம், நாடு பூராவையும் ஒரே தொகுதி மாதிரி வைத்து, ஓட்டு விகிதத்துக்குச் சீட்டைப் பிரிக்கிறார்கள். 150-ல் ஒரு பங்கு ஓட்டு வாங்கினாலே உள்ளே போகலாம். பதினைந்து கட்சி போய்விட்டது. மிருகங்களுக்காக ஒரு கட்சி இருக்கிறது, அதற்கும் 3!

அந்தக் கணக்கில் 2014-ல் தி.மு.க.வுக்கு 9 வந்திருக்கும். ஓடிப்போய்ப் பெரியவரிடம் சொன்னேன்.

"சரி தம்பி. குழாயில தண்ணி வரலேன்னா அங்க எந்த எம்.பி.யைப் புடிக்கிறது?"

மாட்டிக்கொண்டேன். எங்கள் ஊர் மண்ணச்சநல்லூர் சட்டசபைத் தொகுதி, எம்.பி.க்குப் பெரம்பலூர். கொள்ளிடத்தைத் தாண்டினால் வரும் ஸ்ரீரங்கத்துக்குத் திருச்சி எம்.பி. சுற்றுவழிதான். ஆனாலும் கையைக் காட்ட நமக்கென்று ஒரு ஆள் உண்டு. அங்கே அப்படி ஊருக்கு ஒரு எம்.பி. இல்லை.

இன்னொன்று. ஜெயிச்ச வில்டர்ஸால் பிரதமராக முடியவில்லை. நாலு கட்சி பேசிப் பேசி, எந்தக் கட்சியிலும் இல்லாத டிக் ஸ்கோஃப் என்ற அதிகாரியைப் பிடித்து உட்காரவைக்க 2024 ஜூலை ஆகிவிட்டது. எங்கள் ஆத்தா பச்சைப் பட்டினி கிடப்பதே 28 நாள். இவர்கள் புது சர்க்கார் இல்லாமல் கிடந்தது ஏழு மாசம்! அதுவும் மறு ஜூனிலேயே கவிழ்ந்தது.

நடுவில் 2024 ஜூன் 4. இங்கே முப்பத்தொன்பதும் தி.மு.க. கூட்டணிக்கு. அ.தி.மு.க.வுக்கு 20 சதவீத ஓட்டு, சீட் முட்டை. நாம் தமிழருக்கு 8 சதவீதம், அதுவும் முட்டை.

பூக்கடைக்கு எதிர்த்தாற்போல் தேங்காய்க்கடை. அவர் ரெட்டை இலை. அன்று சாயங்காலம் பெரியவர் ஊரைக் கூட்டிச் சிரிப்பார் என்று நினைத்துத்தான் போனேன்.

டீக்கடைப் பையனைக் கூப்பிட்டு, "அந்தாளு மத்தியானத்துலேருந்து ஒண்ணும் சாப்பிடலடா. ஸ்ட்ராங்கா ஒண்ணு குடுத்துட்டு வா, காசு என் கணக்கு" என்றார்.