எந்தக் கம்ப்யூட்டரோடும் பேசும் சவுண்ட் கார்டு

வெளியே செருகும் சவுண்ட் கார்டு வாங்கப் போகிறவர் கடையில் முதலில் கேட்பது, "இது எல்லாக் கம்ப்யூட்டருக்கும் ஒத்துவருமா?" என்றுதான். "வரும்" என்று பதிலும் உடனே வந்துவிடும். வீட்டில் போட்டுப் பார்த்தால், விண்டோஸ் லேப்டாப்பில் ஒழுங்காகப் பாடும். லினக்ஸ் போட்ட பழைய கம்ப்யூட்டரில் மைக் எடுக்காது. ஐபேட் அதைத் திரும்பியும் பார்க்காது. விலை, பிராண்டு, பெட்டிமேல் அச்சிட்ட எண்கள் எல்லாவற்றையும் பார்த்து வாங்கியவருக்கும் இது நேர்கிறது. பார்க்க வேண்டியது வேறொன்று.

சவுண்ட் கார்டு இரண்டு வேலை செய்கிறது. மைக்கிலிருந்து வரும் மின்னலையை நொடிக்கு 44,100 அல்லது 48,000 முறை அளந்து எண்களாக்குகிறது. கம்ப்யூட்டர் தரும் எண்களைத் திரும்ப மின்னலையாக்கி ஸ்பீக்கருக்கு அனுப்புகிறது. 1989இல் சிங்கப்பூரின் கிரியேட்டிவ் நிறுவனம் சவுண்ட் பிளாஸ்டரை வெளியிட்டபோது அது கம்ப்யூட்டரின் வயிற்றுக்குள் செருகும் அட்டை. எந்த மெஷினில் செருகினோமோ அதோடு அதன் வாழ்க்கை முடிந்தது. யூஎஸ்பி வந்தபின் அட்டை வெளியே வந்தது. உள்ளே இருக்கும் மின்விசிறி, பிராசசர் ஆகியவற்றின் மின் இரைச்சலிலிருந்து தள்ளி இருக்கலாம். ஒரு கம்ப்யூட்டரிலிருந்து பிடுங்கி இன்னொன்றில் மாட்டலாம். ஆனால் மாட்டிய இடத்தில் எல்லாம் பேசுவதற்கு இரு தரப்புக்கும் தெரிந்த பொதுமொழி ஒன்று வேண்டும்.

அந்த மொழி 1998இல் எழுதப்பட்டது. அதன் பெயர் யூஎஸ்பி ஆடியோ கிளாஸ். இதைப் பின்பற்றும் கருவியைச் செருகியதும் அது தன் விவரங்களைக் கம்ப்யூட்டருக்கு ஒப்புவிக்கிறது: நான் ஒலிக் கருவி, எனக்கு இத்தனை உள்வழி, இத்தனை வெளிவழி, இன்னின்ன வேகங்களில் ஓடுவேன். கம்ப்யூட்டர் தன்னிடம் ஏற்கெனவே இருக்கும் பொது டிரைவரைக் கொண்டு அதை இயக்கத் தொடங்குகிறது. தயாரித்தவரின் டிரைவர் எதுவும் தேவையில்லை. எந்த நிறுவனத்தின் பென் டிரைவும் எந்தக் கம்ப்யூட்டரிலும் திறப்பது இதே ஏற்பாட்டால்தான். இப்படிப்பட்ட சவுண்ட் கார்டை 'கிளாஸ் கம்ப்ளையன்ட்' என்பார்கள். விவரக்குறிப்பில் நான் முதலில் தேடச் சொல்வது இந்த இரண்டு சொற்களைத்தான்.

இந்த மொழிக்கும் பதிப்புகள் உண்டு. சிக்கல் பெரும்பாலும் அங்கேதான் முளைக்கிறது. முதல் பதிப்பு நொடிக்கு 1.2 கோடி பிட் ஓடும் பழைய யூஎஸ்பி வேகத்துக்கு எழுதப்பட்டது. ஸ்டீரியோ ஒலியை நல்ல தரத்தில் அனுப்ப அது போதும். எட்டு மைக்குகளை ஒரே நேரத்தில் பதிவு செய்ய அதில் இடமில்லை. எனவே 2006இல், 48 கோடி பிட் வேகத்தைப் பயன்படுத்தும் இரண்டாம் பதிப்பு வந்தது. மேக்கும் லினக்ஸும் 2010 வாக்கிலேயே அதைக் கற்றுக்கொண்டன. விண்டோஸ் கற்றுக்கொண்டது 2017இல், விண்டோஸ் 10இன் ஓர் அப்டேட்டில். ஆகவே விண்டோஸ் 7, 8 ஓடும் கம்ப்யூட்டர் உங்களிடம் இருந்தால், இரண்டாம் பதிப்புக் கருவி தயாரித்தவரின் டிரைவர் இல்லாமல் அதில் வாய் திறக்காது. அப்படிப்பட்ட வீட்டுக்கு முதல் பதிப்பில் பேசும் எளிய இருவழிக் கருவியே நல்லது. சென்னை ரிச்சி தெருவில் விரல் நீளத்தில் கிடைக்கும் மலிவான யூஎஸ்பி சவுண்ட் கார்டுகளில் பெரும்பாலானவை இந்த ரகம்தான். மேலே '7.1' என்று போட்டிருந்தாலும் உள்ளே இருப்பது ஸ்டீரியோ வெளிவழியும் மோனோ மைக்கும்தான். ஜூம் வகுப்புக்கும் பாட்டு கேட்கவும் அது தாராளம்.

தனி டிரைவரை நம்பி வாழும் கருவிகளைப் பற்றி எனக்குக் கவலை அதிகம். டிரைவரை எழுதும் நிறுவனம் ஒருநாள் எழுதுவதை நிறுத்திவிடும். அடுத்த விண்டோஸ், அடுத்த மேக் வந்ததும், உள்ளே ஒரு சுற்றும் பழுதாகாத கருவி குப்பைக்குப் போகிறது. ஃபயர்வயர் என்ற பழைய இணைப்புமுறைக் காலத்துக் கருவிகளுக்கு நடந்தது இதைவிடக் கொடுமை: அருமையான மைக் பெருக்கிகள் கொண்ட பெட்டிகள், செருக ஒரு ஓட்டைகூட இல்லாமல் அனாதையாயின. இன்று ஆர்ம் பிராசசரில் ஓடும் விண்டோஸ் லேப்டாப்புகள் பரவுகின்றன. இன்டெல் கம்ப்யூட்டருக்காக எழுதிய டிரைவர் அவற்றில் ஏறாது. ஆர்முக்கென்றே தனியாக எழுதியாக வேண்டும். பொதுமொழி பேசும் கருவிக்கு இந்தக் கவலை மிகக் குறைவு.

விண்டோஸில் இசைப்பதிவு செய்பவருக்கு மட்டும் இன்னொன்று வேண்டும். பாடுவது கம்ப்யூட்டருக்குள் போய்த் திரும்பி ஹெட்போனில் கேட்க ஒரு தாமதம் ஆகும். ஒலி எண்கள் பொட்டலங்களாகச் சேர்ந்த பிறகே நகர்வதால் வரும் தாமதம் இது. நொடிக்கு 48,000 அளவீட்டில் 256 எண்கள் கொண்ட பொட்டலம் நிரம்ப 5.3 மில்லிநொடி. போகவும் வரவும் மற்றச் செலவுகளும் சேர்ந்தால் 15, 20 என்று ஏறும். மிருதங்கக்காரர் கை அதை உடனே கண்டுபிடித்துவிடும். இதைக் குறைக்க ஸ்டைன்பெர்க் நிறுவனம் 1997இல் ஆசியோ என்ற முறையைக் கொண்டுவந்தது. விண்டோஸின் இசை மென்பொருள்கள் இன்றும் அதையே விரும்புகின்றன. பொது டிரைவரில் ஓடவும் வேண்டும், விண்டோஸுக்கு நிறுவனத்தின் ஆசியோ டிரைவரும் வேண்டும்: இரண்டும் உள்ள கருவியே இங்கே சரியான தேர்வு. மேக்கில் தனியாக எதுவும் தேவையில்லை. பாடியதை கம்ப்யூட்டருக்குப் போகும் முன்பே ஹெட்போனுக்குத் திருப்பும் 'டைரக்ட் மானிட்டர்' பொத்தான் இருந்தால் பாடகருக்குத் தாமதமே தெரியாது.

பொத்தான் என்றதும் சொல்ல வேண்டியது ஒன்று. சில கருவிகளில் மைக்கின் ஒலியளவும், கண்டென்சர் மைக்குக்குத் தரும் 48 வோல்ட் மின்சாரமும் மென்பொருளில்தான் திருகப்படுகின்றன. அந்த மென்பொருள் விண்டோஸுக்கும் மேக்குக்கும் மட்டும் வரும். லினக்ஸிலோ ஐபேடிலோ ஒலி வரும், கட்டுப்பாடு வராது. பல கம்ப்யூட்டரில் மாற்றி மாற்றி மாட்டப்போகிறவர், கையால் திருகும் குமிழ்கள் உள்ள கருவியையே எடுக்க வேண்டும்.

போன், டேப்லெட்டில் வேறொரு தடை: மின்சாரம். யூஎஸ்பி 2 வழி ஒரு கம்ப்யூட்டர் தரவேண்டியது 5 வோல்ட்டில் 500 மில்லிஆம்பியர். கண்டென்சர் மைக்குக்கு 48 வோல்ட் கொடுக்கும் பெட்டி அதில் பெரும்பகுதியைக் குடித்துவிடும். போன் அவ்வளவு தராமல் இணைப்பை மறுக்கலாம். தனி மின்சாரம் ஏற்கும் யூஎஸ்பி ஹப் ஒன்றை நடுவில் வைத்தால் தீரும்.

192 கிலோஹெர்ட்ஸ் அளவீடு என்ற எண்ணுக்காகக் கூடுதல் பணம் தராதீர்கள். மனிதக் காது கேட்கும் எல்லை ஏறக்குறைய 20 கிலோஹெர்ட்ஸ். 48 கிலோஹெர்ட்ஸ் அளவீடு அதை முழுதாக அடக்கிவிடுகிறது. பணத்தை நல்ல மைக்கில் போடுங்கள்.

வாங்கும் முன் சோதிக்க வழி உண்டு. எதையும் நிறுவாமல் ஒரு ஐபேடில் செருகி, பாட்டு வருகிறதா, குரல் பதிவாகிறதா என்று பாருங்கள். ஐபேடில் தயாரித்தவரின் டிரைவரை ஏற்ற வழி குறைவு என்பதால், அங்கே பேசினால் அது பொதுமொழிக் கருவி என்று ஏறக்குறைய உறுதி. ஐபேட் இல்லாவிட்டால் பென் டிரைவிலிருந்து தொடங்கும் லினக்ஸ் போதும். ஆண்ட்ராய்டு போனில் வேலை செய்தாலும் நல்ல அறிகுறியே. அங்கே வராவிட்டால் மட்டும் உடனே தள்ளிவிடாதீர்கள், குறை போனிலும் இருக்கலாம். ஆன்லைனில் வாங்குகிறீர்களென்றால், திருப்பித் தரும் கெடு முடிவதற்குள் வீட்டில் உள்ள ஒவ்வொரு மெஷினிலும், ஒலி கேட்பதோடு நிறுத்தாமல், ஒரு நிமிடம் பேசிப் பதிவும் செய்து பாருங்கள்.