பழைய சொகுசுக் காரும் விருப்ப வசதிகளும்

பெங்களூரு அடுகோடியில் வளாகம் கொண்டுள்ள பாஷ் நிறுவனம் 1978-இல் ஏபிஎஸ் பிரேக்கை அளித்தபோது, மெர்சிடிஸ் எஸ்-கிளாஸில் அது தனி விலை செலுத்திப் பெறும் விருப்ப வசதியே. பழைய சொகுசுக் கார் வாங்குகையிலும், முதல் உரிமையாளர் எவற்றுக்குக் கூடுதலாகச் செலவிட்டார் என்பதை ஆராய வேண்டும். அடிச்சட்ட எண்ணைக் கொண்டு சேவை மையத்தில் இதைச் சரிபார்க்கலாம்.

காற்றுச் சஸ்பென்ஷன் பயணத்துக்கு இதம். ஆயினும் அதன் ரப்பர்ப் பைகள் நாளடைவில் கசியும், மாற்றும் செலவோ பெரிது. இரவில் நிறுத்திய கார் காலையில் ஒரு மூலை தாழ்ந்து நின்றால் விலகிவிடுவதே மேல். சன்ரூஃபின் வடிகுழாய்களைச் சருகு அடைத்தால் மழைநீர் உள்ளே இறங்கும். மரநிழலில் கார் நிறுத்துவோர் இதை அறிவர்.

பின்னர் வெளியே பொருத்திய சாதனங்களைக் காப்பீட்டில் தனியே குறிப்பிடுக. கடன் பதிவுள்ள காராயின், கடனளித்த வங்கியின் தடையின்மைச் சான்றும் படிவம் 35-உம் கைக்கு வந்த பின்னரே முழுத்தொகையை அளிக்கவும்.