வலிப்பு நோயும் வாசனைத் தைலங்களும்

மார்கழிப் பனி இறங்கியதும் லிங்கராஜபுரத்தில் நம்மவர் இல்லங்களில் யூகலிப்டஸ் தைலமும் சூடமும் வெளிவந்துவிடும். வெந்நீரில் நாலு சொட்டுத் தைலம் விட்டு ஆவி பிடிப்பதும், தேங்காயெண்ணெயிற் சூடத்தைக் கரைத்துக் குழந்தையின் நெஞ்சிலே தடவுவதும் ஊரிலிருந்து நம்முடன் வந்த பழக்கங்கள். ஆனால் வலிப்பு நோயாளர் உள்ள வீட்டில் இவை பற்றி எச்சரிக்கை வேண்டும்.

இதனை ஆராய்ந்தவர்கள் நம் நகரத்து மருத்துவர்களே. புனித ஜான் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் நரம்பியல் மருத்துவர் தாமஸ் மாத்யூவும் குழுவினரும் பல மருத்துவமனைகளில் நான்காண்டுகள் நடத்திய ஆய்வு 2021-இல் வெளியாயிற்று. தைலத்தோடு தொடர்புடைய வலிப்பு 55 பேரிடம் காணப்பட்டது. அவர்களுள் 33 பேர் முன்னரே வலிப்பு நோயுற்றவர்கள். ஏனைய 22 பேருக்கோ அதுவே முதல் வலிப்பு! காரணமாக அமைந்தவை யூகலிப்டஸ் தைலமும் கற்பூரமும் சேர்ந்த பொருள்கள்.

நல்லெண்ணெய், தேங்காயெண்ணெய் போன்றவை வேறு. காய்ச்சி வடித்த தைலங்கள் வேறு. இவை மூக்கின் வழியாகவும் தோலின் வழியாகவும் இரத்தத்திற் கலந்து மூளையை எட்டுகின்றன. தைலத்திலுள்ள சினியோலும், கற்பூரமும் நரம்பணுக்களைக் கிளர்ச்சியுறச் செய்ய வல்லவை. 1934-இல் புடாபெஸ்ட் நகரத்து மருத்துவர் மெதுனா, மனநோயாளிக்கு வேண்டுமென்றே வலிப்பு உண்டாக்கக் கற்பூரத்தையே ஊசி வழியே செலுத்தினார் என்றால் அதன் ஆற்றல் விளங்கும்.

காரணம் அறியாவிடில் இழப்புப் பெரிது. தைலத்தால் ஒருமுறை வந்த வலிப்பு, நீங்காத நோயென்று கொள்ளப்படும். ஆண்டுக்கணக்கில் மாத்திரை உண்ண நேரும். திருமணப் பேச்சும் தடைப்படும். ஆகவே மருத்துவரிடம் செல்வோர், அதற்கு முன்பு எதைத் தடவினோம், எதை முகர்ந்தோம் என்பதையும் மறவாது கூறுதல் வேண்டும்.

வலிப்பு நோயாளருக்குச் சளி பிடித்தால் வெறும் வெந்நீராவியே போதும். வலித் தைலம் வாங்குமுன் புட்டியின் மேலுள்ள விவரத்தைப் படித்துப் பார்க்க வேண்டும். மருத்துவர் தந்த மாத்திரையைத் தாமாக நிறுத்தலாகாது. சூடமும் தைலமும் குழந்தைகளின் கைக்கு எட்டலாகாது. விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்கச் செய்யாமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்க.

வலிப்பு வந்தவரை ஒருக்களித்துப் படுக்க வைத்து, அருகிலுள்ள கூரிய பொருள்களை அகற்றுக. கையில் சாவிக்கொத்தும் வேண்டா; வாயில் எதையும் திணிக்கவும் வேண்டா. ஐந்து நிமிடம் கடந்தும் நில்லாவிடில் 108-ஐ அழைக்க.

பாட்டி வைத்தியத்தை நாம் பழிக்கவில்லை. எவருக்கு ஆகும், எவருக்கு ஆகாது என்று ஆளறிந்து மருந்து கொடுப்பதும் நம் முன்னோர் காட்டிய வழியேயாம்.